ராஸ் ஊர் மையவாடி – ஒரு வரலாற்றுப் பார்வை



இவ்வாண்டு மலருக்கு நமது மையவாடியின் வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டனர். மகிழ்வுடன் இசைந்து, பள்ளியின் மர அலமாரியில் இருந்த பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அட்டையும் தைத்த நூலும் இருந்தன. ஏடுகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. பெரியவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் கூறிய செய்தியை மற்றவர் மறுத்தார். சான்று இல்லாத ஒன்றை வரலாறு என்று அச்சேற்றுவது அமானிதத்திற்கு மாறானது. எனவே, எழுத்தில் வரலாறு பதிந்திருக்கும் வேறொரு சிற்றூரின் மையவாடியைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் வடகோடியில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அவ்வளவு தொலைவிலுள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் படிக்கும்போது விளங்கும்.

வட டகோட்டா மாநிலத்தின் வடமேற்கில் மவுன்ட்ரைல் என்றொரு மாவட்டம் உள்ளது. கனடா எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தெற்கே, கிரேட் நார்தர்ன் என்னும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் ராஸ். இன்று அதன் மக்கள் தொகை நூறு பேரளவில்தான் இருக்கும். நமது மஹல்லாவின் ஒரு தெருவுக்குக்கூட அவ்வெண்ணிக்கை போதாது. ஊருக்கு வெளியே, மரநிழல் அதிகமில்லாத புல்வெளியில் ஓர் இரும்பு வளைவு நிற்கிறது. அதன் மீது பிறையும் நட்சத்திரமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே மீஸான் கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரமாக, நாலைந்து ஸஃப்புக்கு மேல் நிற்க இயலாத சிறிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளியைவிட மையவாடி பழமையானது. பழைய பள்ளி மறைந்த பின்னரும் மையவாடி நிலைத்து நின்றது. பின்னாளில் புதிய பள்ளி எழுந்ததும் அதன் பக்கத்தில்தான்.

வந்தவர்கள் யார்?

அக்காலத்தில் ஷாம் நாடு முழுவதும் உதுமானியப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. லெபனான், சிரியா எனத் தனித்தனி அரசுகள் அன்று இல்லை. இன்றைய லெபனானின் பிகாஃ பகுதியிலுள்ள பீரா, ரஃபீத் முதலான கிராமங்களிலிருந்து முஸ்லிம் இளைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலேறினார்கள். வறுமை ஒரு காரணம். பேரரசின் கட்டாயப் படைச்சேவை மற்றொரு காரணம். அமெரிக்கா சேர்ந்ததும் அவர்களுள் பலர் மேற்கொண்ட தொழில் மூட்டை வியாபாரம். ஊசி, நூல், துணி, சீப்பு, கண்ணாடி ஆகியவற்றை முதுகில் சுமந்து பண்ணை பண்ணையாக நடந்து விற்றார்கள். தலைச்சுமையாகத் துணி விற்று ஊர் ஊராய்ச் சென்ற நம் பாட்டனார்களை அறிந்தவர்களுக்கு இத்தொழிலின் அலைச்சலை விளக்கத் தேவையில்லை.

இவ்வியாபாரிகளை விவசாயிகளாக மாற்றியது 1862ஆம் ஆண்டின் குடிநிலச் சட்டம். இதன்படி ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தமக்கெனக் கோரலாம். அதில் வீடு கட்டி, உழுது பயிரிட்டு, ஐந்தாண்டுகள் குடியிருந்தால் பட்டா கிடைக்கும். 1912ஆம் ஆண்டில் இக்காலம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. ராஸ் பகுதிக்கு முதலில் வந்தவராகக் குறிப்பிடப்படுபவர் ஹசன் ஜுமா என்பவர், ஆண்டு 1899. அவரைப் பின்பற்றி உறவினரும் ஊராரும் அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள். பக்கத்துப் பண்ணைகளில் நார்வே நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் குடியிருந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. பட்டா பெறுவதற்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைச் சட்டமோ 1790ஆம் ஆண்டு முதல் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. 1870க்குப் பின் ஆப்பிரிக்க வழியினருக்கும் திறந்துவிடப்பட்டது. ஷாம் நாட்டார் வெள்ளையரா அல்லரா என்ற வழக்கு நீதிமன்றங்களில் பல்லாண்டுகள் இழுபட்டது. ஜார்ஜ் டவ் என்ற ஷாம் நாட்டுக் கிறிஸ்தவர் தொடுத்த வழக்கில், 1915ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின்னரே இக்குழப்பம் பெருமளவு தணிந்தது. உழுத நிலம் சொந்தமாகுமா என்று தெரியாமலேயே அதை உழுத ஆண்டுகள் அவை. அத்தகைய நிலத்தில் ஒருவர் இறந்தால் எங்கே அடக்குவது? கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்திலா? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே ராஸ் மையவாடி.

மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுவித்து அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. ஒருவரேனும் நிறைவேற்றவில்லையெனில் அவ்வூரார் அனைவரும் குற்றவாளிகள். தொழுவதற்குப் பள்ளிவாசல் இல்லையென்றால் வீட்டில் தொழலாம். ராஸ் மக்கள் அவ்வாறே ஏறத்தாழ முப்பதாண்டுகள் வீடுகளில் கூடி ஜும்ஆ தொழுதார்கள். மையித்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது. அந்நிய பூமியில் ஒரு முஸ்லிம் கூட்டத்திற்கு முதலில் தேவைப்படுவது மினாராவன்று, ஆறடி மண். இதை நான் அலங்காரத்திற்காகக் கூறவில்லை. ராஸ் ஊரில் நடந்த வரிசையே இதுதான்.

அந்த ஆறடி மண்ணும் எளிதில் கிட்டுவதன்று. அப்பகுதியின் குளிரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், அதே மவுன்ட்ரைல் மாவட்டத்திலுள்ள பார்ஷல் என்னும் ஊரில் பூஜ்யத்திற்குக் கீழே 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. வட டகோட்டா மாநிலத்தின் வரலாற்றில் அதுவே மிகக் கடுங்குளிர். அதே ஆண்டு ஜூலையில் அம்மாநிலத்தின் ஸ்டீல் என்னும் ஊரில் 49 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. மிகக் கடும் வெப்பமும் அதுவே. குளிர்காலத்தில் அங்கே மண் நான்கைந்து அடி ஆழம் வரை கல்லாக உறைந்துவிடும். அவ்வட்டாரங்களில் குளிர்காலத்தில் இறந்தவர்களின் உடலைக் கொட்டிலில் வைத்திருந்து, வசந்தம் வந்து மண் இளகிய பின் புதைக்கும் வழக்கமும் இருந்தது. ஜனாஸாவைத் தாமதிக்காதீர்கள் என்று ஏவப்பட்ட நமக்கு அது எத்தகைய சோதனை! நமது மையவாடியில் மழைக்காலத்தில் கபர் வெட்டும்போது தண்ணீர் ஊறுகிறது என்று சலித்துக்கொள்கிறோம்.

கிப்லாவைக் குறித்தும் ஒரு சொல். நம் பகுதியில் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. ஆகவே தலையை வடக்கே வைத்து முகத்தை மேற்கே திருப்பி அடக்கம் செய்கிறோம். பிகாஃ பகுதி மக்களுக்குக் கிப்லா தெற்கே. அங்கிருந்து ராஸ் வந்தவர்களுக்கோ, பூமியின் உருண்டை வடிவைக் கொண்டு கணக்கிட்டால், கிப்லா வடகிழக்கே அமைகிறது. வடக்கிலிருந்து ஏறத்தாழ 36 பாகை கிழக்குச் சாய்வு. தட்டையான வரைபடத்தைப் பார்ப்பவருக்கு மக்கா தென்கிழக்கே இருப்பதாகத் தோன்றும். வட அமெரிக்கா முழுவதும் இவ்விரு கருத்துகளும் நெடுங்காலம் நிலவின. திசையறியும் கருவியுடன் இன்று அங்கே செல்லும் நம் இளைஞர் எவரேனும் ஒரு பழைய கபர் பிசகியிருப்பதாகக் கருதினால், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தம்மால் இயன்ற அளவு ஆராய்ந்து முடிவு செய்தவரின் அமல் செல்லும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் சட்டம்.

பள்ளிவாசல் எழுந்ததும் மறைந்ததும்

1929ஆம் ஆண்டு அவர்கள் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். பாதி பூமிக்குள் இறங்கிய, தாழ்வான சாதாரணக் கட்டடம் அது. மினாராவும் குப்பாவும் இல்லை. இதுவே அமெரிக்காவின் முதல் பள்ளிவாசல் என்று பலரும் எழுதுகின்றனர். அது சரியன்று. மிச்சிகன் மாநிலத்தின் ஹைலாண்ட் பார்க்கில், கார் தொழிற்சாலையின் அருகே 1921ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளி எழுந்தது, அது நீடிக்கவில்லை. பள்ளியாகவே கட்டப்பட்டு இன்றளவும் நிற்பவற்றுள் மூத்தது அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் 1934ஆம் ஆண்டு கட்டப்பட்ட பள்ளி. ராஸ் பள்ளி மிகப் பழையவற்றுள் ஒன்று என்று கூறுவதே பொருத்தம். அதன் சிறப்புக்கு அது போதும்.

அவர்கள் தொழுதார்கள், நோன்பு நோற்றார்கள், பன்றி இறைச்சியைத் தவிர்த்தார்கள். தங்களுக்குள் ஓதத் தெரிந்தவரை முன்னிறுத்தித் தொழுதார்கள். 1930களின் இறுதியில் அமெரிக்க அரசு வேலையற்ற எழுத்தாளர்களைக் கொண்டு நாட்டு மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தபோது, ராஸ் முஸ்லிம்களிடமும் சென்று வாக்குமூலம் பெற்று எழுதி வைத்தது. நாம் இன்று இவ்வளவு அறிவதற்கு அப்பதிவுகளே பெரிதும் துணை. பின்னர் 2002ஆம் ஆண்டு வட டகோட்டாவின் ஷாம் நாட்டு மக்களைப் பற்றி விரிவான நூல் ஒன்று வந்தது. அதன் ஆசிரியர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஷெர்மன் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். முஸ்லிம்களின் மையவாடி வரலாற்றை ஒரு பாதிரியார் தேடித் தொகுத்திருக்க, நாம் நம் பதிவேட்டைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கிறோம். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளி கட்டிய ஆண்டிலேயே பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிற்று. தொடர்ந்து 1930களின் வறட்சி வந்தது. மண் காற்றில் பறந்தது, கோதுமை கருகியது. நிலத்தைக் கைவிட்டுப் பலர் நகரங்களுக்குச் சென்றார்கள். இவற்றைவிட ஆழமான காயத்தை அதற்கு முன்பே ஒரு சட்டம் செய்திருந்தது. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், சிரியா லெபனான் பகுதியிலிருந்து ஆண்டொன்றுக்கு 100 பேர் மட்டுமே வரலாம் என்று வரையறுத்தது. 1965 வரை இம்முறை நீடித்தது. சொந்த ஊரிலிருந்து புதிய குடும்பம் வர வழியில்லை, பெண்ணெடுக்க வழியில்லை, ஓதிக் கொடுக்க ஓர் உஸ்தாதை வரவழைக்கவும் வழியில்லை. பிள்ளைகள் பக்கத்துப் பண்ணைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணமுடித்தார்கள். பேரப்பிள்ளைகளுள் பலர் தேவாலயத்துக்குச் சென்றார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு வேதனை உண்டாவது இயல்பு. ஆனால், அவர்களைக் குறை கூறுமுன் ஒன்றை எண்ண வேண்டும். மதரஸா இல்லை, ஆலிம் இல்லை, உறவு வர வழியில்லை. இவ்வளவுக்கும் இடையில் முதல் தலைமுறையினர் தம் மரணம் வரை தீனைப் பற்றியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

தொழுவோர் குறைந்து, பள்ளி பூட்டிக் கிடந்தது. பின்னர் சிதைந்தது. 1970களில் அது இடிக்கப்பட்டது. பள்ளிவாசல் இருந்த இடம் மறுமை வரை பள்ளிவாசலே என்னும் நம் சட்டத்தை அவர்களுக்கு எடுத்துரைக்க அங்கே எவரும் இல்லை.

எஞ்சியது மையவாடி. அதை எவரும் இடிக்கவில்லை, உழவில்லை, விற்கவில்லை. கிறிஸ்தவர்களாகிவிட்ட பேரர்களும் புல்லை வெட்டினார்கள், வேலியைப் பராமரித்தார்கள். பாட்டனார் அங்கே இருக்கிறார் என்ற ஒரே காரணம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வாயில் வளைவில் பிறைக்குக் கீழே உள்ள பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அஸ்ஸிரியன் மோஸ்லம் மையவாடி என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அஸ்ஸிரியர் என்போர் வேறோர் இனத்தார். இன்று அவர்களுள் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். சிரியர் என்பதே அவ்வாறு மருவிவிட்டது. அக்குடியேறிகளைப் பதிவேடுகள் துருக்கியர் என்றும் எழுதின, சிரியர் என்றும் எழுதின. 1920ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் பிகாஃ பகுதியை லெபனானுடன் சேர்த்துவிட்டபடியால், அவர்கள் பிறந்த கிராமங்கள் பின்னர் சிரியாவிலும் இல்லை. பிறந்த நாட்டின் பெயர் இத்தனை முறை மாறிற்று. அந்த வளைவில் பிழையின்றி நிற்பது அவர்களின் மார்க்கத்தின் பெயர் ஒன்றே.

முதல் குடியேறிகளின் மகள் ஒருவர், பள்ளிவாசல் மீண்டும் அவ்விடத்தில் எழ வேண்டும் என்று தம் வாழ்நாளின் இறுதிவரை விரும்பினார். அவர் மறைந்த பின், 2005ஆம் ஆண்டு, அவருடைய குடும்பத்தாரும் நண்பர்களும் இப்போதுள்ள சிறிய பள்ளியை மையவாடியை ஒட்டிக் கட்டினார்கள். நான்கு சிறு மினாராக்களும் ஒரு குப்பாவும் அதற்கு உண்டு. துணை நின்றவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மறு ஆண்டே, 2006ல், அம்மாவட்டத்தின் பார்ஷல் பகுதியில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அமைதியாகக் கிடந்த அச்சாலைகளில் எண்ணெய் லாரிகள் ஓடத் தொடங்கின. வேலை தேடிப் பல நாட்டாரும் வந்தார்கள். 2018ஆம் ஆண்டு ராஸ் மையவாடியை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் இவர்கள் குடிமக்களாகத் தகுதியுடையவர்களா என்று வழக்கு நடத்திய நாடு, அவர்களின் கபர்களைத் தன் வரலாற்றின் பகுதியென ஏற்றுக்கொண்டது.

ஒரு தாயாரின் கேள்வி

இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் இரவு இஷாவுக்குப் பின் என் வீட்டிற்கு வந்தார்கள். அவர்களின் பிள்ளை அமெரிக்காவில் வஃபாத்தாகிவிட்டார். ஜனாஸாவை இங்கே கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று கேட்டார்கள். இறந்த ஊரிலேயே அடக்குவதுதான் சிறந்தது. மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றின் அருகே இறந்தவரை அங்கே கொண்டு செல்வது தவிர, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மையித்தைக் கொண்டு செல்வது கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் உறுதியான சொல் என்று விளக்கினேன். தந்தையார் ஏற்றுக்கொண்டார். தாயார் கதவோரம் நின்றபடி, "அசரத், அங்க எம்புள்ளைக்குப் பக்கத்துல யார் இருப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. சட்டத்தைச் சொல்லத் தெரிந்த எனக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அங்கும் முஸ்லிம்களின் மையவாடி உண்டு, கவலைப்படாதீர்கள் என்று மட்டும் கூறி அனுப்பினேன். பின்னர் தேடத் தொடங்கினேன். சீடர் ராபிட்ஸில் 1948ஆம் ஆண்டு ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் வழங்கிய நிலத்தில் முஸ்லிம்களுக்கென மையவாடி அமைந்த செய்தி கிடைத்தது. அதைத் தொடர்ந்து ராஸ் ஊரின் செய்தி கிடைத்தது. பீராவிலிருந்து போனவர்களின் தாய்மாரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அன்று தொலைபேசியும் இல்லை. மகன் இறந்த செய்தி கடிதமாய் வந்து சேருமுன் கபரின் மீது பனி மூடியிருக்கும்.

படித்தவற்றை அந்த அம்மையாரிடம் சென்று கூறினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த ஊர்க் கபர்களில் பெயர் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கிறார்கள் என்றேன். "நம்ம மையவாடியில என் மாமியா கபர் எதுன்னு எனக்கே இப்பத் தெரியல" என்றார்.

கபரின் மீது கட்டடம் எழுப்புவதும் அலங்காரம் செய்வதும் தடுக்கப்பட்டவை. அடையாளத்திற்காகத் தலைமாட்டில் ஒரு கல் நடுவதில் தடையில்லை. உதுமான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கபரில் நபி (ஸல்) அவர்களே ஒரு கல்லை வைத்து அடையாளமிட்டதாக அறிவிப்பு உண்டு. பதிவேட்டில் எழுதி வைப்பதிலோ எந்த ஐயமும் இல்லை.

ஆகவே, நிர்வாகத்தின் ஒப்புதலோடு மையவாடிக்கெனப் புதிய பதிவேடு ஒன்று திறக்கப்பட்டுள்ளது. மர அலமாரியில் அன்றி இரும்புப் பெட்டியில் அது வைக்கப்படும்; படி ஒன்று செயலாளரிடம் இருக்கும். ஜமாஅத்தார்கள் தங்கள் குடும்பத்தில் வஃபாத்தானவர்களின் பெயர், தகப்பனார் பெயர், அறிந்த அளவில் ஹிஜ்ரி அல்லது ஆங்கிலத் தேதி, கபர் இருக்கும் பகுதி ஆகியவற்றைத் தந்துதவ வேண்டுகிறேன். வெளிநாடுகளில் அடங்கியவர்களின் விவரங்களுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் வரியில் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டுவிட்டது. வயது முதிர்ந்தோர் நேரில் வந்து கபர்களை அடையாளம் காட்டினால் பேருதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் நானும் மோதினாரும் மையவாடியின் தெற்கு வாசலில் பதிவேட்டுடன் இருப்போம்.